வீட்டு பிரிண்டரா, கலர் லேபா: சாரல் ஊர்க்காரர்களுக்கு எது சரிப்படும்?

குற்றாலத்தில் சீசன் முடிந்ததும் தென்காசி, செங்கோட்டை, புளியரைப் பக்கம் கேமரா வைத்திருப்பவர்களிடம் ஒரே பேச்சுதான். எடுத்ததை எல்லாம் பிரிண்ட் போட வேண்டும். அதற்கு ஆறு கலர் இங்க் டேங்க் பிரிண்டர் ஒன்றை வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொள்வதா, வழக்கம்போல லேபுக்குக் கொடுப்பதா? நானும் இதே யோசனையில் இருந்து, நண்பர் வீட்டு பிரிண்டரில் நிறையப் போட்டுப் பார்த்துவிட்டு, லேப் என்று முடிவு செய்தேன். ஆகவே இந்த அலசல் லேப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

விலைக் கணக்கை நீட்ட வேண்டியதில்லை. போட்டோவுக்கென்றே வரும் ஆறு கலர் டேங்க் பிரிண்டர் இருபதாயிரம் ரூபாயைத் தாண்டும். லேபில் ஒரு மேக்ஸி, அதாவது 4×6, பத்துப் பதினைந்து ரூபாய்க்குள் முடிகிறது. வீட்டில் மையும் தாளும் சேர்த்து அதைவிடக் குறைவாகவே ஆகும். நிறையப் போடுகிறவருக்கு பிரிண்டர்தான் லாபம் என்று கணக்கு சொல்லும். ஆனால் அது பிரிண்டர் ஓடிக்கொண்டே இருக்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு.

தரத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. வழக்கமான நான்கு மைகளோடு வெளிர் சயான், வெளிர் மெஜந்தா இரண்டும் சேர்ந்திருப்பதால், ஆறு கலர் பிரிண்டரில் முகமும் வானமும் வழுவழுப்பாக வரும். லேபில் சிவப்பு, பச்சை, நீல ஒளியை வெள்ளி உப்பு பூசிய தாளின் மேல் ஓட்டி, பிறகு ரசாயனத்தில் கழுவி எடுக்கிறார்கள். அதில் மைப் புள்ளியே கிடையாது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் நிறம் தொடர்ச்சியாக இருக்கும். கண்ணுக்கு நேரே ஒரு கை தூரத்தில் பிடித்துப் பார்த்தால் எது எதில் போட்டது என்று சொல்வது கஷ்டம். 24 மெகாபிக்சல் கேமராவின் 6000×4000 படம், அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 12×18 வரைக்கும் தாராளமாகத் தாங்கும்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பிரிண்டர் சும்மா இருக்கும் நாட்களில் அதற்கு என்ன ஆகிறது என்பதுதான் என்னை முடிவெடுக்க வைத்தது.

நம் பக்கத்தில் படம் எடுப்பது மொத்தமாக வந்து மொத்தமாகப் போகிற வேலை. ஆனி, ஆடியில் சாரலும் அருவியும். அதையொட்டி சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி. புளியரை வயல் பச்சை கட்டும்போது ஒரு சுற்று. ஆரியங்காவு, தென்மலைப் பக்கம் ரயில் படம் எடுக்க ஒரு சுற்று. நடுவில் மாதக்கணக்கில் கேமரா பையிலேயே கிடக்கும். பிரிண்டர் அந்த மாதங்களைத் தாங்குமா?

மையைத் தாளில் தெளிக்கும் பிரிண்டர் ஹெட்டில் இருப்பவை முடியை விட நுண்ணிய துளைகள். மை பெரும்பாலும் தண்ணீர்தான். ஓடாமல் நின்றால் துளையின் வாயில் காய்ந்து கெட்டிப்படும். துளைகளைச் சோதிக்கும் நாசில் செக் தாளைப் போட்டுப் பார்த்தால் படிக்கட்டு போல வர வேண்டிய கோடுகளில் நடுநடுவே விட்டிருக்கும். வெளிர் மெஜந்தா அடைத்தால் முகம் பச்சை பாய்ந்துவிடும். வெளிர் சயான் அடைத்தால் மலைக்கு மேலே வானத்தில் வரிவரியாகக் கோடு விழும். உடனே ஹெட் கிளீனிங் கொடுப்போம். அடைத்தது ஒரு நிறம்தான் என்றாலும், பல மாடல்களில் ஆறு நிறத்திலிருந்தும் மையை உறிஞ்சி வெளியே தள்ளும். அந்த மை எல்லாம் உள்ளே இருக்கிற பஞ்சில் போய்ச் சேரும். பஞ்சு நிறைந்தால் பிரிண்டர் தானாக நின்றுகொள்ளும், சர்வீஸ் கேட்கும். சாதாரண கிளீனிங்குக்கு மசியாவிட்டால் பவர் கிளீனிங். அதற்கு டேங்கில் மூன்றில் ஒரு பங்காவது மை இருக்க வேண்டும். ஒரு முறை செய்தால் அடுத்ததற்கு 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று வழிகாட்டிப் புத்தகமே சொல்கிறது. டேங்கில் கண்ணெதிரே மை இறங்கும், படம் ஒன்றுகூட வந்திருக்காது. அதுவும் பலிக்காவிட்டால் ஹெட்டையே மாற்ற வேண்டும். அந்தச் செலவைக் கேட்டால் புது பிரிண்டர் விலையை விசாரிக்கத் தோன்றும்.

ஈரமான ஊர்தானே, மை எப்படிக் காயும் என்று சிலர் கேட்கிறார்கள். காய்வது மாசியிலிருந்து சித்திரை வரைக்கும், வெயில் ஏறும் காலத்தில். சீசனில் வேறு மாதிரியான தொல்லை. திறந்து வைத்த தாள் ஈரத்தை இழுத்து ஓரம் சுருளும். ரோலர் ஒழுங்காக இழுக்காது. போட்ட படங்களை உடனே ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் கரண்ட். ஆடிக் காற்றில் எங்கேயாவது கிளை முறிந்து லைன் மேல் விழுந்தால் மின்சாரம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பிரிண்டரை அதன் பொத்தானை அழுத்தி நிறுத்தினால் ஹெட் ஓரத்துக்குப் போய் ரப்பர் மூடியின் மேல் உட்காரும். பாதி படத்தில் கரண்ட் போனால் ஹெட் வழியிலேயே வாயைத் திறந்தபடி நிற்கும். காய்வதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. சுவரில் இருக்கிற ஸ்விட்சைத் தட்டி அணைக்கும் பழக்கமும் இதே வேலையைத்தான் செய்யும்.

வாரம் ஒரு கலர் படம் போட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. என் நண்பர் அப்படித்தான், பேரன் படம் ஒன்றை வாரம் தவறாமல் போட்டுவிடுவார். அவர் பிரிண்டர் நன்றாகவே ஓடுகிறது. நான் வாரம் தவறாமல் போடுகிற ஆள் இல்லை. எங்கள் பக்கத்தில் கேமரா வைத்திருக்கிற பெரும்பாலானோரும் இல்லை.

ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற விதி லேபுக்கும் உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. கலர் தாளைக் கழுவும் டெவலப்பர் 35 டிகிரிக்கு மேல் சூடாகவே இருக்க வேண்டும். தாள் உள்ளே போகப் போகத்தான் புது ரசாயனம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டிருக்கும். வேலை இல்லாமல் மெஷின் நின்றால் டெவலப்பர் காற்றுப்பட்டுக் கெடும், படத்தில் ஒரு நிறம் ஏறிவிடும். அதனால் நாள்தோறும் நிறைய வேலை ஓடுகிற லேபாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். ஆடியில் கல்யாணம் கிடையாது, லேபில் வேலை குறைவு. நாம் சாரல் படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதோ அதே ஆடியில். நான் ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கும் வரை பொறுத்திருந்து கொடுக்கிறேன். மெஷின் முழு வேகத்தில் ஓடும்போது வருகிற பச்சை, ஆடியில் வருகிற பச்சையை விடச் சுத்தமாக இருப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

பழைய ஸ்டுடியோக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். கறுப்பு வெள்ளைக் காலத்தில் இருட்டறையில் சிவப்பு பல்பு எரியும். அந்தத் தாளுக்குச் சிவப்பு உறைக்காது, அதனால் படம் தட்டில் மெல்ல எழுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். டெவலப்பரை அன்றைக்கு வேண்டிய அளவு கரைத்து, வேலை முடிந்ததும் கொட்டிவிடுவார்கள். நேற்றைய தண்ணீரில் இன்றைய படம் போட மாட்டார்கள். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. அங்கிருந்து வந்த 'இந்து' பிலிமும் தாளும் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்த கடைகள் நினைவிருக்கும். கலர் வந்ததும் இருட்டறை மூடியது. கோனிகா, கோடாக், ஃபியூஜி போர்டுகள் தெருவுக்குத் தெரு தொங்கின. ரோல் பஸ் ஏறித் திருநெல்வேலிக்குப் போகும். 36 படத்துக்கு மேல் ஒன்றிரண்டு கூடுதலாக விழுந்திருந்தால் அவ்வளவு சந்தோஷம். கோனிகா 2006இல் போட்டோ தொழிலையே விடுவதாக அறிவித்துவிட்டது.

அந்தக் காலத்துப் படங்களை இப்போது எடுத்துப் பார்ப்பது இந்த ஒப்பீட்டுக்கு உதவும். 1904இல் போட்ட கொல்லம்–செங்கோட்டைப் பாதையில், மலைப்பகுதியில் மீட்டர் கேஜ் ரயில் 2010இல் நின்றது. அகலப்பாதையில் முழுத்தூரமும் ரயில் ஓடத் தொடங்கியது 2018இல். கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலத்தின் மேல் மீட்டர் கேஜ் வண்டி போகிற படம் எங்கள் ஊரில் பல வீடுகளில் இருக்கிறது. ஆல்பத்துக்குள் இருந்த லேப் பிரிண்டுகள் இன்றும் நிறம் மங்காமல் அப்படியே இருக்கின்றன. அதற்கும் முந்தைய எழுபதுகளின் கலர் படங்கள் செம்மை பாய்ந்துவிட்டன. அந்தக் காலத் தாளில் சயான் சாயம் இருட்டில் வைத்தாலும் மங்கும். பிறகு வந்த தாள்கள் இதில் வெகுவாகத் தேறிவிட்டன. டேங்க் பிரிண்டரில் பெரும்பாலும் இருக்கிற சாய மை வெளிச்சத்துக்கும் காற்றில் இருக்கிற ஓசோனுக்கும் மங்கும். கண்ணாடி இல்லாமல் சுவரில் மாட்டினால் சீக்கிரமே தெரியும். நண்பர் போட்ட படங்கள் ஆல்பத்தில் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் அவற்றுக்கு இன்னும் வயதாகவில்லை. இருபது வருஷம் கழித்து எப்படி இருக்கும் என்று என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது. சாயத்துக்குப் பதில் நுண்ணிய நிறத்துகள் கலந்த பிக்மென்ட் மை பிரிண்டர் நீண்ட நாள் நிற்கும் படம் தரும். அதை நான் வைத்துப் பராமரித்ததில்லை, அதனால் அதன் தொல்லைகளைப் பற்றி உறுதியாகப் பேச மாட்டேன்.

எதில் போட்டாலும் ஃப்ரேம் கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது. நம் ஊர் ஈரத்தில் லேப் தாளின் ஜெலட்டின் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் படம் உரிந்து வரும். நடுவில் அட்டை மவுண்ட் வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். மேற்குச் சுவரில் மாட்டாமல் இருப்பது நல்லது, சாரல் அந்தப் பக்கம்தான் அடிக்கும். நெகட்டிவ்களை சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

லேபில் எனக்கு இருக்கிற ஒரே மனக்குறை ஆட்டோ கரெக்‌ஷன். பனிமூட்டத்தில் பாலம் சாம்பலாகத் தெரியும்படிதான் நான் எடுத்திருப்பேன். மெஷின் அதைக் குறை என்று எண்ணித் திருத்தும். மூட்டம் வெள்ளையாக வெளுத்து, காடு கிளிப்பச்சை ஆகிவிடும். அதனால் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்: "அண்ணாச்சி, கலர்ல கை வைக்காதீங்க, உள்ளபடியே போட்டுக் குடுங்க." ரயிலேறிப் புனலூரில் கொடுக்கிறவர்கள் "கலர் மாற்றண்டா, சேட்டா" என்று சொன்னால் போதும். ஃபைலை எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் சேமியுங்கள். அடோபி ஆர்ஜிபியில் கொடுத்தால் நிறம் செத்துப்போய் வரும். திரை பின்னொளியில் தெரிகிறது, தாளுக்கு அது இல்லை. ஆகவே திரையில் பார்ப்பதை விடச் சற்று வெளிச்சம் கூட்டிக் கொடுக்க வேண்டும். எவ்வளவு என்பது லேபுக்கு லேப் மாறும்; ஒரே படத்தை மூன்று வெளிச்சத்தில் ஒரு 8×12இல் சேர்த்துப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். மொபைல் படம் 4:3, மேக்ஸி 3:2. நீங்களே கிராப் செய்து கொடுக்காவிட்டால், படுக்கைவாட்டில் எடுத்த படத்தில் அருவியின் தலையோ அடியோ போய்விடும்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். லேப் என்று போர்டு இருக்கிற எல்லா இடத்திலும் இப்போது ரசாயனத்தில் கழுவுவதில்லை. சில இடங்களில் டிரை லேப், அதாவது பெரிய இங்க்ஜெட். அதுவும் நல்ல படம்தான் தரும். ஆனால் இவ்வளவு நேரம் நான் லேபுக்குச் சொன்ன ஆயுள் சில்வர் தாளுக்குச் சொன்னது.

பிரிண்டருக்கு என்று சில நல்ல இடங்கள் இருக்கின்றன. கதர் மாதிரி சொரசொரப்பான மேட், ஆர்ட் தாள்களில் போட நம் பக்கத்து லேப்கள் உதவாது. ராத்திரி பத்து மணிக்கு ஒரு படத்தை எடிட் செய்து, உடனே தாளில் பார்த்து, மறுபடியும் திருத்துகிற சுகம் வீட்டு பிரிண்டரில்தான். வீட்டுப் பெண்கள், குழந்தைகள் படத்தை வெளியே கொடுக்க மனமில்லாதவர்களுக்கும் அதுதான் வழி.

திருப்பி விற்கும்போது மட்டும் ஏமாற்றம் காத்திருக்கிறது. லென்ஸ் பத்து வருஷம் கழித்தும் ஒரு விலைக்குப் போகும். சும்மா கிடந்த டேங்க் பிரிண்டரை யாரும் நம்பி வாங்குவதில்லை, மையோடு தூக்கிக்கொண்டு போனால் வழியெல்லாம் கசியும். அதனால் பழையது வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன்னால் நாசில் செக் தாளைக் கேட்டு வாங்குங்கள். ஒரு கோடு விட்டிருந்தாலும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எடுக்காதீர்கள். புதிது வாங்குகிறவர்கள் கழிவு மைப் பெட்டியை நாமே மாற்றிக்கொள்ளும் மாடலாகத் தேடுங்கள், சில புதியவற்றில் அந்த வசதி வந்துவிட்டது. பிரிண்டர் வாங்குகிற அன்றைக்கே அதன் மின்சாரத்துக்குத் தகுந்த ஒரு யுபிஎஸ்ஸும் வாங்கிவிடுங்கள்.