மிளகு எண்ணெய்: நீராவியா, கார்பன் டை ஆக்சைடா?
குமுளிப் பக்கம் மிளகு எண்ணெய் என்றாலே நமக்கு நீராவி வடிப்புதான். பாய்லரும் குளிர்விக்கும் குழாயும் போதும். ஆனால் அந்த எண்ணெயில் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பாருங்கள்: மணம் தூக்கும், காரம் இருக்காது. காரம் தரும் பொருளான பைப்பரின் ஆவியோடு ஏறி வராது.

இன்னொரு வழி கார்பன் டை ஆக்சைடு. வெப்பம் 31 டிகிரி செல்சியஸும் அழுத்தம் 74 பாரும் தாண்டினால் அது வாயுவுமில்லை, திரவமுமில்லை. வாயுபோல மிளகுத் தூளுக்குள் புகும், திரவம்போலக் கரைத்து இழுக்கும். அழுத்தம் கூட்டினால் காரமும் சேர்ந்து வரும். பிறகு அழுத்தத்தை இறக்கினால் வாயு தானே பிரிந்துவிடும். அடியில் பிசுபிசுவென்று சாறு மட்டும். காபியில் கஃபீன் எடுப்பதும் இதே வித்தைதான்.

அந்த அழுத்தம் தாங்கும் எஃகுக் கலன் விலை கேட்டால்தான் தலை சுற்றும். வாசனை மட்டும் போதுமென்றால், என் ஓட்டு பழைய பாய்லருக்கே.