குன்னூர் ஆவணச் சீரமைப்புக் கூடம்: ஒரு வாடிக்கையாளரின் மதிப்பீடு

பழைய தாளைப் புதிதுபோல் ஆக்கித் தர வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் குன்னூரில் இயங்கும் இந்தச் சிறிய கூடத்துக்குப் போக வேண்டாம். எஞ்சியிருப்பது மேலும் கெடாமல் இருந்தால் போதும் என்பவர்கள் தயங்காமல் போகலாம்.

தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த என் தாத்தா எழுதிய செக்ரோல் (தொழிலாளர்களின் வருகை, கூலிப் பதிவேடு) ஒன்றையும், செல்லோடேப் ஒட்டிய நிலப் பத்திரம் ஒன்றையும் அங்கு ஒப்படைத்தேன். செக்ரோலின் மை, மாசிக்காயும் அன்னபேதி என்னும் இரும்பு உப்பும் சேர்த்துச் செய்த பழைய வகையைச் சேர்ந்தது. அதிலுள்ள அமிலமும் இரும்பும் நாளடைவில் தாளையே அரித்துவிடுவதால், சில பக்கங்களில் எழுத்து இருந்த இடத்தில் ஓட்டைதான் மிஞ்சியிருந்தது. ஈரம் பட்டால் அந்த இரும்பு கரைந்து சுற்றிலும் பரவும் என்பதால், எடுத்த எடுப்பில் கோதுமைப் பசையைத் தடவாமல், சோதனைத் தாள் ஒன்றை லேசாக நனைத்து மையின்மேல் அழுத்திப் பார்த்தார்கள். அது இளஞ்சிவப்பாக மாறியது; கரையக்கூடிய இரும்பு இன்னும் இருக்கிறது என்று பொருள். ஆகவே, ஜெலட்டின் பூசி முன்பே உலர்த்தி வைத்திருந்த மெல்லிய ஜப்பானியத் தாளை, ஒட்டுவதற்கு வேண்டிய ஈரத்தை மட்டும் காட்டிப் பின்புறம் ஒட்டினார்கள். ஜெலட்டின் விலங்குகளிலிருந்து எடுக்கப்படுவது என்பதை முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் கேட்டார்கள். கோயில் கணக்குகளைக் கொண்டுவருவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

ஓட்டையான எழுத்துகளை ஊகித்து எழுதித் தர முடியுமா என்று கேட்டதற்கு, இல்லாததை இருந்ததாகக் காட்டுவது எங்கள் வேலையன்று என்று மறுத்துவிட்டார்கள். பத்திரத்தைப் பிளாஸ்டிக் லேமினேஷன் செய்யவும் இசையவில்லை. சூட்டில் உருகித் தாளோடு ஒன்றிப்போகும் அந்த உறையைப் பின்னால் சேதமின்றிப் பிரிப்பது மிகக் கடினம். அவர்கள் ஒட்டும் தாளையோ வேண்டும்போது எடுத்துவிடலாம். செல்லோடேப்பை நீக்கினார்கள், ஆனால் அதன் பழுப்புக் கறை முழுதும் போகவில்லை. போகாது என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள்.

குறைகளும் உண்டு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தாள் உலரத் தாமதமாகும் என்று வேலையை நீட்டிக்கொண்டே போனார்கள். காரணம் நியாயமானதே என்றாலும் தேதியைக் குறிக்கும்போதே அதைச் சொல்லியிருக்கலாம். அமிலமற்ற அட்டைப்பெட்டிக்குத் தனிக் கட்டணம் என்பதும் பில்லைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. ஆயினும் பெட்டியை வாங்கிவிடுவது நல்லது, ஏனெனில் வெளிக்காற்றின் ஈரம் உடனே தாளை எட்டாமல் அது ஓரளவு காக்கும்; காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். மழைக்காலத்தில் இந்த மலையில் அது சாதாரணம். ஸ்கேன் நகல்களைச் சுருக்கிய ஜேபெக் கோப்புகளாகவே தருகிறார்கள். தரம் குறையாத டிஃப் கோப்பு வேண்டுமென்றால் வேலை தொடங்குவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.