ஆறு வாரம் பயிற்சியாளர், பத்து மாதம் உளவியலாளர்

திங்கட்கிழமை காலை ஆனால் என் மகனுக்கு வயிறு வலிக்கும். ப்ளஸ் ஒன் சேர்ந்த இரண்டாவது மாதம் தொடங்கிய வலி. முதலில் ஓமத் தண்ணீர், அடுத்து குடும்ப மருத்துவர், அப்புறம் ஸ்கேன். எதிலும் ஒன்றும் இல்லை. வலி செவ்வாய்க்கும் புதனுக்கும் பரவிய பிறகு வயிற்று மருத்துவரே, "வயிறு நன்றாகத்தான் இருக்கிறது, மனசைப் பார்க்கிற யாரிடமாவது அழைத்துப் போங்கள்" என்றார். என் மாமியார் அதற்குள் இரண்டு முறை திருஷ்டி சுற்றிப் போட்டிருந்தார். ஆகவே மனசைப் பார்க்கிற வேலையை வீட்டில் முன்பே தொடங்கிவிட்டோம் என்றுகூடச் சொல்லலாம்.

கோயம்புத்தூர் மாதிரி ஊரில் அந்த 'யாராவது' என்ற சொல்லுக்குள் ஒரு கூட்டமே நிற்கிறது. மனநல மருத்துவர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், கவுன்சலர், லைஃப் கோச், பெற்றோருக்கென்றே தனியாக ஒரு கோச். நாங்கள் போய்ப் பார்த்தது இரண்டு பேரிடம். ஒருவர் லைஃப் கோச், அதாவது வாழ்க்கைப் பயிற்சியாளர், ஆறு வாரம். இன்னொருவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது மருத்துவ உளவியலாளர், பத்து மாதம். நான் இரண்டாமவர் பக்கம் சாய்ந்தவள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சாய்வைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

படிப்பு விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று பலகை மாட்டுபவரின் பெயர், 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவேட்டில் இருக்க வேண்டும். பெரும்பாலும் முதுகலைக்கு மேல் இரண்டாண்டு எம்.ஃபில். முடித்திருப்பார்கள். பதிவு எண்ணைக் கேட்டு இணையத்தில் சரிபார்க்கலாம். கோச்சுக்கு அரசுப் பதிவேடு கிடையாது, தனியார் சான்றுகள்தாம். அவற்றில் பெயர் பெற்ற சர்வதேச அமைப்பான ஐ.சி.எஃப்., முதல் நிலைச் சான்றுக்கே 60 மணி நேரப் படிப்பும் 100 மணி நேரம் பயிற்சி கொடுத்த அனுபவமும் கேட்கிறது. எங்கள் கோச்சின் சுவரில் தொங்கியவை அந்த வகையா, வார இறுதிப் பட்டறை வகையா என்று நான் பார்க்கவில்லை. கொழுந்தனார் சொன்னார், போனோம். மருந்து எழுதும் உரிமை இவர்கள் இருவருக்குமே இல்லை. அது மனநல மருத்துவரின் வேலை. எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

கட்டணம்தான் எனக்கு வியப்பைத் தந்தது. கோச்சுக்கு 12 வாரத் திட்டம், 36,000 ரூபாய், முன்பணமாக. பாதியில் நிறுத்தினால் திரும்பி வராது. வரவும் இல்லை. சைக்காலஜிஸ்ட் 50 நிமிடத்துக்கு 1,500 வாங்கினார். முதல் மூன்று மாதம் வாரம் ஒருமுறை, அடுத்த நான்கு மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கடைசியில் மாதம் ஒருமுறை. கூட்டிப் பார்த்தால் 23 அமர்வுகள், 34,500 ரூபாய். 'மணிக்கு இவ்வளவா' என்று மலைத்து நாங்கள் முதலில் ஒதுக்கியது இதைத்தான். மனநோய்க்கும் உடல்நோய்க்குப் போலவே காப்பீடு தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. எங்கள் பாலிசி ஆஸ்பத்திரியில் படுத்தால் மட்டுமே பணம் தரும் வகை என்பதால் பயனில்லை. பணமே தடையாக இருக்கிறவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், 14416, 2022 அக்டோபர் முதல் இரவு பகலாக இயங்குகிறது. தமிழிலேயே பேசலாம்.

செய்முறைக்கு வருகிறேன். கோச்சுக்கு இலக்குதான் தொடக்கம். முதல் நாளே ஒரு அட்டை எழுதிக் கொடுத்தார்: '90 நாள், 90 சதவீதம்'. காலை ஐந்து மணிக்கு எழுவது, குளிர்ந்த நீரில் குளிப்பது, இரவில் நன்றி எழுதும் நோட்டு. முதல் இரண்டு வாரம் வீடே களைகட்டியது. அலாரம் அடிப்பதற்கு முன்பே பையன் எழுந்துவிடுவான். நான் ஊரெல்லாம் பெருமை பேசினேன். மூன்றாவது திங்கட்கிழமை சீருடை போட்டு, ஷூ மாட்டி, வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். கோச்சைக் கேட்டதற்கு ஈடுபாடு போதவில்லை என்றார். ஐந்து மணிக்கு எழுந்து குளிர்ந்த நீரில் குளிக்கிறவனிடம் இதற்கு மேல் என்ன ஈடுபாடு கேட்பது?

சைக்காலஜிஸ்ட் முதல் இரண்டு அமர்வுகளில் எதையுமே செய்யச் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். 3,000 ரூபாய் கொடுத்துவிட்டு என் கணவர் முணுமுணுத்தது எனக்கு நினைவிருக்கிறது. பிறகு இருவரும் சேர்ந்து ஒரு ஏணி வரைந்தார்கள். கீழ்ப்படி, ஞாயிறு மாலை பூட்டிய பள்ளி வாசலில் போய் நிற்பது. அடுத்தது அதே இடத்தில் சீருடையோடு. அதற்கு மேல் நூலகத்தில் ஒரு மணி நேரம், முதல் வகுப்பு மட்டும், கதவோரப் பெஞ்சில் பாதி நாள், கடைசியாகத் திங்கட்கிழமை வாரத் தேர்வு. ஒவ்வொரு படியிலும் பயம் ஏறி, தானாக இறங்கும்வரை நிற்க வேண்டும். உச்சத்தில் ஓடி வந்துவிட்டால், ஓடியதால்தான் தப்பித்தோம் என்று மனம் பாடம் படித்துக்கொள்ளும்.

இதில் எனக்கும் ஒரு படி இருந்தது. பள்ளி அலுவலகத்திலிருந்து பத்து மணிக்குப் போன் வந்தால் வங்கியில் பாதி நாள் விடுப்புப் போட்டு ஓடிப்போய் அழைத்து வருவேன். தாய்ப்பாசம் என்று நினைத்திருந்தேன். அந்த ஓட்டம்தான் பயத்துக்குச் சோறு போட்டது என்பதைப் பெற்றோருக்கென்று ஒதுக்கிய இரண்டு அமர்வுகளில் ஒன்றில் பொறுமையாக விளக்கினார். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது.

இவையெல்லாம் இருந்தாலும் என் முடிவைத் தீர்மானித்தது வேறு. பிள்ளை சொல்வது யாருக்குப் போகிறது என்ற கேள்வி. இதைப் பற்றித்தான் நான் எழுதவே உட்கார்ந்தேன்.

கோச்சிடமிருந்து சனிக்கிழமை மாலைதோறும் எங்கள் இருவருக்கும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வரும். அந்த வாரம் பையன் என்ன சொன்னான், எப்படி இருந்தான், அடுத்த வாரம் என்ன. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. கொடுத்த காசுக்கு ரசீது வருகிற மாதிரி. இரண்டாவது வாரப் பதிவில், அம்மா தன்னைப் பெரியப்பா மகனோடு ஒப்பிடுவதாக அவன் வருத்தப்பட்டான் என்று இருந்தது. ஞாயிறு மதியம் சாப்பாட்டின்போது கேட்டேவிட்டேன்: "நான் எப்போதடா ஒப்பிட்டேன்?" அவன் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டு முடித்தான். அடுத்த வாரத்திலிருந்து பதிவுகளில் நல்ல செய்தி மட்டுமே வந்தது. உற்சாகமாக இருக்கிறான், தெளிவாக இருக்கிறான். சனிக்கிழமை சொன்னது ஞாயிற்றுக்கிழமை குழம்போடு திரும்பி வரும் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. அதன்பிறகு அங்கே பேசியது, எங்களுக்காக அவன் தயாரித்து வைத்த இன்னொருவன். மீதி நான்கு வாரமும் நாங்கள் பணம் கொடுத்து அந்த நாடகத்தைக் கேட்டோம்.

கோச்சை மட்டும் குறை சொல்ல முடியாது. பதிவு வேண்டும் என்று கேட்டது நாங்கள். பணம் தருபவர்தான் வாடிக்கையாளர் என்றால், அறிக்கை அவருக்குத்தானே போகும்?

சைக்காலஜிஸ்டின் அறையில் முதல் நாள் மூவரையும் உட்கார வைத்து விதிகளைச் சொன்னார். அவன் சொல்வது அறையை விட்டு வெளியே போகாது. அவன் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றாலும், யாராவது அவனைத் துன்புறுத்துகிறார்கள் என்றாலும் அந்த விதி நிற்காது. அப்போதும் முதலில் அவனிடம் சொல்லிவிட்டுத்தான் எங்களிடம் சொல்வார். பாலியல் குற்றம் என்றால் போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆக வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். (அந்தக் கடமை சைக்காலஜிஸ்டுக்கு மட்டும் உரியதில்லை. தெரிந்தவர் எவரானாலும், கோச்சானாலும், அதே கடமைதான்.)

"அம்மாவிடம் மறைக்க அவனுக்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டேன்.

"இருக்கிறதா இல்லையா என்று எனக்கே இன்னும் தெரியாது மேடம்" என்றார். அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த என் மகன் நிமிர்ந்து அவரைப் பார்த்தான்.

சட்டம் இதில் முழுக்கப் பிள்ளை பக்கம் என்று நினைக்க வேண்டாம். 2017ஆம் ஆண்டுச் சட்டம் சிகிச்சை பெறுபவருக்கு ரகசிய உரிமை தருகிறது. ஆனால் 18 வயதுக்குக் கீழே பெற்றோர் அல்லது பாதுகாவலரே அவரது நியமனப் பிரதிநிதி, அதாவது சிகிச்சை விஷயத்தில் அவர் சார்பில் நிற்பவர். கவனித்துக்கொள்வதற்குத் தேவையான தகவலை அந்தப் பிரதிநிதியிடம் சொல்லலாம் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. அதாவது நான் அடம்பிடித்திருந்தால் எனக்கும் ஒரு வாசல் உண்டு. அந்த வாசலில் நிற்பது சிகிச்சையாளரின் தொழில் நெறிதான். கோச்சுக்கு அந்த நெறி கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் பொறுத்தது. எங்கள் ஒப்பந்தத்தில் கட்டணத் தவணை தவிர வேறு எதுவும் இல்லை.

இது எனக்கு எளிதாக இருந்தது என்று யாரும் எண்ண வேண்டாம். ஐந்தாவது வாரம் கண் சிவந்து வெளியே வந்தான். கேட்டால், "ஒன்றுமில்லைம்மா." அன்று மாலை அடுத்த அமர்வின் தேதியைக் கேட்கிற சாக்கில் அவருக்குப் போன் செய்து, பேச்சோடு பேச்சாக, "இன்று கொஞ்சம் அழுதான் போல" என்றேன். அவர் தேதியை மட்டும் சொன்னார்.

பிப்ரவரியில் ஒரு நாள் லட்சுமி மில்ஸ் சிக்னலில் ஸ்கூட்டரில் நிற்கிறோம். பின்னாலிருந்து அவன் குரல் வந்தது. ஜூலையில் ஒரு திங்கட்கிழமை, வாரத் தேர்வின் நடுவில் வகுப்பிலேயே வாந்தி எடுத்துவிட்டானாம். பெஞ்சு, விடைத்தாள், முன்னால் இருந்தவன் சட்டை, எல்லாவற்றின் மேலும். அன்றிலிருந்து அவனுக்கு ஒரு பட்டப்பெயர். ஆசிரியரும் ஒருமுறை சிரித்தாராம். மறுபடி வாந்தி வந்துவிடக் கூடாது என்று காலைச் சாப்பாட்டை நிறுத்தியிருக்கிறான். நான் திங்கட்கிழமைக்குத் தெம்பு வேண்டும் என்று நெய் விட்டுச் சுட்டுக் கொடுத்த தோசைகள் மாடிப்படிக்குக் கீழே நாய்க்குப் போயிருக்கின்றன. வெறும் வயிறு வலிக்காமல் என்ன செய்யும்?

சிக்னல் விழுந்து பின்னால் ஹார்ன் அடித்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாத இடம் என்பதால்தான் சொன்னான் என்று நினைக்கிறேன். கோச்சிடம் ஏன் சொல்லவில்லை என்று பிற்பாடு கேட்டேன். "சொன்னால் அப்பா மறுநாளே பள்ளிக்கு வந்து சண்டை போடுவார், பெயர் இன்னும் பரவும்" என்றான். அவன் அப்பா கட்டாயம் போயிருப்பார். நானும் கூடப் போயிருப்பேன்.

பள்ளியிலேயே ஒரு கவுன்சலர் இருந்தாரே என்று கேட்பீர்கள். இருந்தார், வாரம் இரண்டு நாள். 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஓர் ஆலோசகரையாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொன்னது நல்ல விஷயம். ஆனால் அந்த அறையின் கதவு தலைமையாசிரியர் அறைக்கு எதிரில் இருந்தால், வாந்தி எடுத்த பையன் அதற்குள் நுழைய மாட்டான்.

கோச்சின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். இரவு பத்து மணிக்கு அழைத்தாலும் எடுப்பார். சைக்காலஜிஸ்ட் மாலை ஏழுக்கு மேல் எடுக்கவே மாட்டார், முதல் சந்திப்புக்கே மூன்று வாரம் காத்திருந்தோம். உறவினர்களிடம் கோச்சை 'ஆளுமைப் பயிற்சி' என்று தலைநிமிர்ந்து சொல்ல முடிந்தது. அடுத்தவரிடம் போன பத்து மாதமும் எங்கள் வீட்டு அகராதியில் 'டியூஷன்' என்றே இருந்தது. கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் என் அக்கா மகளுக்கு ஒரு கோச் மிகவும் உதவியிருக்கிறார். அவளுக்குப் பயமோ சோர்வோ இல்லை. நாலு வேலையை ஒரே நேரத்தில் தொடங்கி ஒன்றையும் முடிக்காத குணம் மட்டும்தான். அப்படிப்பட்ட பிள்ளைக்கு நேர அட்டவணையும் வாராவாரம் கணக்குக் கேட்கிற ஒருவரும் போதும். 23 அமர்வுகள் வீண். நான் பார்த்தது ஒரு கோச், ஒரு சைக்காலஜிஸ்ட், பதினாறு வயதுப் பையன் ஒருவன். பத்து வயதுக் குழந்தைக்கு இதெல்லாம் பொருந்துமா என்று என்னால் சொல்ல முடியாது.

இப்போது யாராவது என்னிடம் விலாசம் கேட்டால், முதல் போன் அழைப்பிலேயே ஒன்றைக் கேட்டுவிடச் சொல்கிறேன்: "பணம் கட்டுவது நான். அவன் சொல்வதை எனக்குச் சொல்வீர்களா?" உடனே 'கட்டாயம் சொல்வேன்' என்று பதில் வந்தால், எந்தப் பட்டம் இருந்தாலும் அடுத்த எண்ணைத் தேடுங்கள்.

போன மாதம் அக்காவிடமும் இதைச் சொன்னேன். அவள் சிரித்தாள். மகளின் கோச்சிடம் அவள் ஏற்கெனவே கேட்டுப் பார்த்துவிட்டாளாம். "அதை அவளிடமே கேளுங்கள்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாராம் அந்த மனிதர்.