பம்பு ஜாம்: ஊற வைப்பதா, பிரிப்பதா, கடைக்கு அனுப்புவதா?

வருடக்கணக்கில் கொட்டகையில் நின்ற டீசல் டிராக்டரை மறுபடி ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர் காதில் முதலில் விழும் தீர்ப்பு ‘பம்பு ஜாம்’, அதாவது எஞ்சினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்பு உள்ளே இறுகிவிட்டது என்று. சொல்கிறவர் சரியாகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் பம்புக்குள் எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அவரிடம் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. அது தெரியாமல் வைத்தியம் பார்த்தால், ஒரு கிண்ணம் எண்ணெயில் முடிய வேண்டிய வேலைக்குப் பல ஆயிரம் அழ வேண்டிவரும். இல்லையென்றால் நல்ல பாகத்தையும் உடைத்துவிட்டுக் கையைப் பிசைய வேண்டிவரும்.

இரண்டு பழைய வண்டிகளை எதிரெதிரே நிறுத்திப் பார்க்கலாம். முதலாவது ஃபோர்ட்சன் மேஜர். இங்கிலாந்தின் டேகன்ஹாமில் 1952 முதல் 1964 வரை மேஜர், பவர் மேஜர், சூப்பர் மேஜர் என்று பெயர் மாறி மாறி வந்த 4 சிலிண்டர் வண்டி, சிம்ஸ் இன்லைன் பம்பு வைத்தது. மற்றது மாசி ஃபெர்குசன் 35. இதில் 1959 கடைசியில் வந்த 3 சிலிண்டர் பெர்கின்ஸ் எஞ்சினில் சி.ஏ.வி. நிறுவனத்தின் டி.பி.ஏ. ரோட்டரி பம்பு இருந்தது. சென்னை செம்பியத்தில் டாஃபே மாசி ஃபெர்குசன் கூட்டோடு வண்டி செய்யத் தொடங்கியதால் இந்தக் குடும்பம் நமக்குப் பழக்கமானதுதான். நம்மூர்ப் பழைய வண்டிகளில் இன்லைன், ரோட்டரி இரண்டுமே உண்டு. மைக்கோ நிறுவனத்தின் இன்லைன் பம்பு வைத்திருப்பவர்கள் கீழே ஃபோர்ட்சனுக்குச் சொல்வதைத் தங்களுக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு இடத்தில் வித்தியாசம் வரும், அங்கே சொல்கிறேன்.

இன்லைன் பம்பில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிளஞ்சர் என்ற ஒரு சின்னத் தண்டு. அது இரண்டு வேலை செய்கிறது. கேம் தூக்கும்போது மேலேறி, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலுக்கு அடிக்கிறது, பிறகு ஸ்பிரிங் அதைக் கீழே இழுக்கிறது. அது மட்டுமல்லாமல் ராக் என்ற நீளக் கம்பி தள்ளும்போது தன் அச்சில் சற்றே சுழல்கிறது. எவ்வளவு டீசல் போக வேண்டும் என்பதை அந்தச் சுழற்சிதான் முடிவு செய்கிறது. எல்லா பிளஞ்சர்களும் ஒரே ராக்கில் கோர்க்கப்பட்டவை என்பதால், ஒன்று துருப்பிடித்துத் திரும்ப மறுத்தாலும் ராக் மொத்தமும் நின்றுவிடும். ‘பம்பே போச்சு’ என்று சொல்லப்படுபவற்றில் பல, நான்கில் ஒரு பிளஞ்சரின் பிடிவாதம்தான்.

பிளஞ்சருக்கும் அது ஓடும் பேரலுக்கும் இடைவெளி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். டீசலில் கலந்த தண்ணீர் ஒரு மழைக்காலம் அங்கே தங்கினால் போதும். நின்றுபோன டீசல் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டாலும் அதே கதைதான்.

டி.பி.ஏ.யில் அமைப்பே வேறு. நடுவில் சுழலும் ஒரே ரோட்டர்தான் எல்லா சிலிண்டருக்கும் முறை வைத்து டீசலைப் பங்கிடுகிறது. அளவைத் தீர்மானிப்பது மீட்டரிங் வால்வு என்ற சின்ன உருளை. இதற்கென்று தனி ஆயில் கிடையாது. உள்ளே ஓடும் டீசல்தான் எண்ணெய், டீசல்தான் குளிர்ச்சி. ரேஷன் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டிய காலத்தில் இந்தப் பம்புகள் பட்ட பாடு தனிக்கதை. ஆக இங்கே ஜாம் என்றால் இரண்டில் ஒன்று. மீட்டரிங் வால்வு ஒட்டியிருந்தால் அதிர்ஷ்டம். ரோட்டரே இறுகியிருந்தால் பணப்பையைத் திறக்க வேண்டியதுதான்.

இரண்டுக்கும் பொதுவான இன்னொரு காரணம், உழுது முடித்த சூட்டோடு போர் தண்ணீரை எஞ்சின் மேல் பாய்ச்சுவது. வெளி உடம்பு சட்டென்று சுருங்கும், உள்ளே இருப்பது சூட்டில் விரிந்தபடியே இருக்கும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது இதைச் செய்தால் பம்பு அந்த இடத்திலேயே இறுகிவிடலாம். வண்டியைக் கழுவாமலே வைத்திருப்பவரை நான் சோம்பேறி என்று சொல்ல மாட்டேன்.

எதையும் தொடுமுன் ஏர் எடுத்துப் பாருங்கள், அதாவது டீசல் பாதையில் சிக்கிய காற்றை வெளியேற்றிப் பாருங்கள். ஃபில்டரில் தொடங்கி, பம்பின் ஏர் ஸ்குரூ, கடைசியில் நாசில் பைப் நட்டு என்று வரிசையாக. டி.பி.ஏ.யில் இது பொறுமையைச் சோதிக்கும். ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து, ஸ்டாப் லீவரை ஓடும் நிலையில் வைத்துத்தான் செய்ய வேண்டும். பம்பு வரைக்கும் டீசல் குமிழி இல்லாமல் வருகிறது, நாசில் பைப்பில் மட்டும் சொட்டுக்கூட இல்லை என்றால்தான் ஜாம் என்ற பேச்சுக்கே வர வேண்டும்.

சரி, வைத்தியங்களுக்கு வருவோம். ஊரில் முதலில் கிடைக்கும் யோசனை, இன்னொரு டிராக்டரில் கயிறு கட்டி கியரில் போட்டு இழுப்பது. செலவில்லாத வழி என்பதால் எல்லோருக்கும் பிடிக்கும். எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. டி.பி.ஏ.யில் ரோட்டர் இறுகியிருக்கும்போது எஞ்சினை வலிந்து சுற்றினால் உள்ளே இருக்கும் மெல்லிய டிரைவ் ஷாஃப்ட் முறிந்துவிடும். இன்லைன் பம்பில் வேறு ஆபத்து. ராக் முழு டீசல் நிலையில் ஒட்டியிருந்து எஞ்சின் மட்டும் ஸ்டார்ட் ஆகிவிட்டால், நிறுத்த வழியில்லாமல் வேகம் ஏறிக்கொண்டே போகும். கயிற்றின் முனையில் அப்படி ஒரு வண்டி இருப்பதை யோசித்துப் பாருங்கள்.

இழுப்பதற்கு நேர் எதிர், ஊற வைப்பது. இன்லைனுக்கு இதைவிடச் சிறந்த முதல் படி இல்லை. நாசில் பைப்புகளைக் கழற்றி, அவை மாட்டியிருந்த டெலிவரி வால்வு ஹோல்டரைத் திறந்து வால்வையும் ஸ்பிரிங்கையும் வெளியே எடுத்தால் பிளஞ்சரின் தலைக்கு மேலே வழி கிடைக்கும். அந்தந்த வால்வை அந்தந்த எண் போட்ட டப்பாவில் வையுங்கள், மாற்றிவிடக் கூடாது. பாதி டீசல், பாதி பவர் ஸ்டியரிங் ஆயில் கலந்து ஊற்றி விட்டுவிட வேண்டும். மண்ணெண்ணெய் வேகமாக இறங்கும், ஆனால் வழவழப்பைத் தராது. டபிள்யூ.டி.-40 மீது எனக்குக் கோபம் இல்லை. இரண்டு நிமிடம் அடித்துவிட்டு அன்றைக்கே திருகிப் பார்க்கும் அவசரத்தின் மீதுதான். நாட்கணக்கு ஆகலாம். சித்திரை வெயிலில் வண்டியை வெளியே நிறுத்துவதும், துணியைச் சுடுநீரில் நனைத்துப் போர்த்துவதும் உதவும். பம்பு நிற்கும்போது மட்டும்தான் இந்தச் சுடுநீர் வேலை. கேஸ் விளக்கை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

டி.பி.ஏ.யில் ஊறல் மீட்டரிங் வால்வுக்குப் பலிக்கும். மேலே கவர்னர் (எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) மூடியில் இருக்கும் ரிட்டர்ன் பைப் போல்ட்டைக் கழற்றி அந்தத் துளை வழியாகக் கலவையை நிரப்பி விட்டுவிடலாம். இறுகிப்போன ரோட்டருக்கு இது பலித்து நான் பார்த்ததில்லை. மெல்ல விடுபட்டாலும், கீறல் விழுந்த ரோட்டர் ஸ்டார்ட்டிங் வேகத்தில் போதுமான அழுத்தம் கொடுக்காது. சூடானதும் எஞ்சின் நின்றுவிட்டு, ஆறிய பிறகுதான் மறுபடி ஸ்டார்ட் ஆகும்.

அடுத்தது வீட்டிலேயே பிரிப்பது. இரண்டு பம்புக்கும் தூரம் அதிகமாவது இங்கேதான். ஃபோர்ட்சனின் சிம்ஸ் பம்பில் பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் ஸ்பிரிங், ராக் எல்லாம் கண்ணெதிரே தெரியும். பம்பை வண்டியிலிருந்து இறக்கக்கூட வேண்டாம், டைமிங் (டீசல் அடிக்க வேண்டிய நேரக் கணக்கு) கலையாது. எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றினால் நல்ல பிளஞ்சர்கள் ஏறி இறங்கும். பிடித்திருப்பது மேலேயே நிற்கும், அதன் ஸ்பிரிங் அமுங்கியபடி இருக்கும். அடியில் உள்ள தட்டை ஸ்குரூ டிரைவரால் கீழ்நோக்கி இதமாக நெம்பலாம், மேலிருந்து பித்தளைக் கம்பியால் லேசாகத் தட்டலாம். கீழே வந்ததும் எஞ்சினைச் சுற்றி மறுபடி மேலே ஏற்றி, மறுபடி இறக்கி, தானாக இறங்கும்வரை செய்துகொண்டே இருக்க வேண்டும். என் கையில் ஒரு மூன்றாம் நம்பர் பிளஞ்சர் முழுதாக ஒன்பது நாள் எடுத்தது. எட்டாம் நாள் சுத்தியலைக் கையில் எடுத்தேன். அப்பா பார்த்துக்கொண்டு நின்றதால் திரும்ப வைத்தேன்.

முன்பு சொன்ன வித்தியாசம் இங்கே வருகிறது. மைக்கோ வகையில் ராக் பல் வெட்டிய கம்பி, பிளஞ்சரைச் சுற்றியுள்ள ஸ்லீவின் பற்களோடு பிணைந்திருக்கும். சிம்ஸில் ராக் மேல் சின்னக் கவைகள் ஸ்குரூவால் இறுக்கப்பட்டிருக்கும், பிளஞ்சரின் கரம் கவைக்குள் உட்காரும். எந்த பிளஞ்சர் ராக்கைப் பிடித்திருக்கிறது என்று பார்க்க ஒவ்வொரு கவையாகத் தளர்த்தத் தோன்றும். தொடாதீர்கள். நான்கு சிலிண்டருக்கும் சம அளவு டீசல் போவது அந்தக் கவைகளின் இடத்தால்தான். ஒரு நூல் நகர்ந்தாலும் அதைச் சரிசெய்ய, பம்பை ஓட்டி டீசல் அளவைப் பார்க்கும் டெஸ்ட் பெஞ்சுக்குத்தான் போக வேண்டும். அப்புறம், பம்பின் அடிப்பகுதியில் தனியாக ஆயில் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. அதில் டீசலும் தண்ணீரும் கலந்திருக்கும். வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.

டி.பி.ஏ.யில் வீட்டு வேலை இரண்டு மூடிகளோடு முடிகிறது. பக்கவாட்டுச் சின்ன மூடியைத் திறந்து எஞ்சினைச் சுற்றச் சொல்லிப் பாருங்கள். எஞ்சின் சுற்றியும் உள்ளே டைமிங் குறி போட்ட தட்டு நகரவில்லை என்றால் ஷாஃப்ட் முறிந்தாயிற்று, மூடியை மாட்டிவிடலாம். தட்டு சுற்றுகிறது என்றால் மேல் மூடியைத் திறந்து மீட்டரிங் வால்வை விரலால் திருப்பிப் பாருங்கள். திறக்குமுன் கவர்னர் ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். துளை மாறினால் எஞ்சின் வேகமே மாறிவிடும். இதற்குமேல் ஸ்பானர் போடுவது வீண் தைரியம்.

பம்பு நாசில் கடைக்கு அனுப்புவதுதான் மூன்றாவது வழி. ரோட்டர் இறுகிய டி.பி.ஏ.க்கு வேறு வழியே இல்லை. ரோட்டரும் அது சுழலும் ஹெட்டும் ஒன்றுக்கொன்று இழைத்துச் செய்த ஜோடி, சேர்த்துத்தான் மாற்ற முடியும். பில்லில் பெரும்பகுதி அதுவே. இன்லைனில் கெட்டுப்போன எலிமென்ட்டை (பிளஞ்சர், பேரல் ஜோடி) மட்டும் மாற்றலாம் என்பதால் செலவு குறைகிறது. ஆனால் அனுப்புகிற பம்பில் எது போயிருக்கிறது என்று நமக்கே தெரியாவிட்டால் நான்கும் போனதாகத்தான் பில் வரும். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். டீசல் அளவைச் சரிபார்க்கும் காலிபரேஷன் ஓடும்போது பக்கத்தில் நிற்க அனுமதி கேளுங்கள். முகம் சுளிக்கும் கடைக்கு நான் இரண்டாம் முறை போவதில்லை.

பழைய இரும்புக் கடையில் வேறொரு பம்பு வாங்குவது பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அதுவும் பல மழைக்காலம் வெளியே கிடந்த பம்புதான். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் சுழலும் திசையும் கவர்னர் அமைப்பும் வேறாக இருக்கலாம். பெயர்த்தகட்டு எண் ஒத்துப்போனால் மட்டும் உதிரிப்பாகத்துக்கென்று வாங்கி வைக்கலாம்.

எந்த வழியில் விடுபட்டிருந்தாலும், முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஸ்டாப் நாபை இழுத்து ராக்கோ வால்வோ தடையில்லாமல் மூடும் நிலைக்கு வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். பிறகு ஏர் கிளீனர் பைப்பைக் கழற்றி, எஞ்சின் மூச்சிழுக்கும் வாயை மூடுகிற அளவுக்கு ஒரு பலகையோடு ஆள் நிற்க வேண்டும். கை வைத்து மூடக் கூடாது, துணி வைத்தால் உள்ளே போய்விடும். டேங்கின் குழாயை அடைப்பது அந்த நேரத்தில் உதவாது. ஃபில்டரிலும் பைப்பிலும் தங்கிய டீசலே எஞ்சின் தாறுமாறாக ஓடப் போதும். நாசில் பீய்ச்சுகிறதா என்று விரல் வைத்துப் பார்க்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், வலி தெரியாவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது. எங்கள் வண்டி ஸ்டார்ட் ஆன அன்று பலகையோடு நின்றது அப்பாதான். அரை மணி நேரம் ஓடிய பிறகும் அவர் அதைக் கீழே வைக்கவில்லை.