போனா, பட்டையா? தீம் பார்க்கில் வழி சொல்ல எது தேறும்

பத்து ரைடு இருக்கிற பூங்காவில் எதற்குப் பிறகு எது என்று வரிசைப்படுத்த 36,28,800 விதங்கள் உண்டு. நாம் இப்போது எங்கே நிற்கிறோம், எந்த ரைடில் கூட்டம் குறைவு என்று பார்த்து, நமக்கென்று ஒரு வழியைச் சொல்கிற ஏற்பாடுகள் வெளிநாட்டில் எப்போதோ வந்துவிட்டன. மதுரைக்குப் பக்கத்தில் பரவையில் இருக்கிற ‘அதிசயம்’ நீர்ப் பூங்கா மாதிரி இடத்துக்கு அப்பத்தா, மதினி, பிள்ளைகள் என்று வேன் பிடித்துப் போகிற மதுரைக் குடும்பத்துக்கு இதில் எது தோதுப்படும்?

முதலில் போன் ஆப். டிஸ்னி 2021இல் ஃப்ளோரிடாவில் கொண்டுவந்த ஜீனி இந்த வகை. பிடித்ததைச் சொன்னால் அன்றைய திட்டத்தைப் போட்டுத் தரும், கூட்டம் மாறினால் திட்டத்தையும் மாற்றும். ஜிபிஎஸ் திறந்தவெளியில் ஐந்து மீட்டர் வாக்கில் சரியாகக் காட்டும், தகரக் கூரைக்குள் போனால் தடுமாறும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் நாம் போவது பாதி நேரம் தண்ணீரில் கிடப்பதற்கு. வேவ் பூலில் இறங்குமுன் போன் லாக்கருக்குப் போய்விடும், அப்புறம் ஆப் கணக்குப்படி மொத்தக் குடும்பமும் சாயங்காலம் வரை லாக்கர் அறையிலேயே நின்றுகொண்டிருக்கும்.

அடுத்தது கையில் கட்டுகிற பட்டை. இதில் இரண்டு ரகம். பேட்டரி இல்லாத ஆர்எஃப்ஐடி (ரேடியோ அலையால் படிக்கிற சிப்) பட்டை, கப்பலூர் டோல்கேட்டில் ஃபாஸ்டாக் வேலை செய்கிற மாதிரிதான்: வண்டி கடந்தது தெரியும், திருமங்கலத்தில் டீ குடிக்க நிறுத்தினது தெரியாது. ரைடு வாசலில் இருக்கிற கருவியில் பட்டையைத் தொட்டுக் காட்டினால்தான் நாம் அங்கே வந்தது பதிவாகும். இன்னொரு ரகம் தானே சிக்னல் விடுவது. 2013இல் வந்த டிஸ்னியின் மேஜிக்பேண்டில் இரண்டுமே இருந்தன, தொட ஒரு சிப், தூரத்திலிருந்து பிடிக்க பேட்டரியோடு ஒரு டிரான்ஸ்மிட்டர். தூரத்திலிருந்து பிடிப்பது கேட்க நன்றாயிருக்கிறது, ஆனால் புளூடூத் போன்ற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளைத் தண்ணீர் உறிஞ்சிவிடும், மனித உடம்பிலும் பாதிக்கு மேல் தண்ணீர்தான், அதனால் கூட்டம் நெருக்கியடிக்கிற இடத்தில் சிக்னலை வைத்துப் போடுகிற தூரக் கணக்கு முன்னும் பின்னும் ஆடும்.

யுனிவர்சல் 2017இல் ஆர்லாண்டோவில் திறந்த வால்கனோ பே நீர்ப் பூங்காவில் டாபுடாபு என்று ஒரு பட்டை. ரைடில் தொட்டு இடம் பிடித்துவிட்டு, பட்டை கூப்பிடும்வரை வேறெங்காவது நனையலாம் என்று கொண்டுவந்தார்கள். எனக்குப் பிடித்தது இதுதான். இதற்குத் தெரிவது கொஞ்சம், ஆனால் அந்தக் கொஞ்சம் தண்ணீருக்குள்ளும் நம் கையோடு வருகிறது.

எந்தக் கருவியானாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சித்திரைத் திருவிழா நாளில் 'வடக்கு மாசி வீதி காலியா கிடக்கு' என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சொன்னால் என்ன ஆகும்? நாம் போய்ச் சேருவதற்குள் அங்கே நிற்க இடம் இருக்காது. அதனால் நல்ல ஏற்பாடு ஆளுக்கொரு பக்கம் பிரித்து அனுப்ப வேண்டும், அதாவது நமக்குச் சொல்கிற வழி எப்போதும் நமக்கான மிகச் சிறந்த வழியாக இருக்காது. இதை எந்த விளம்பரத்திலும் போட மாட்டார்கள்.

பிள்ளைகள் விஷயம் தனி. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சில விலக்குகள் போக, பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது என்கிறது. வருகிறவர்களில் நிறையப் பேர் சின்னப் பிள்ளைகளாக இருக்கிற தொழிலில் இது லேசான விஷயமில்லை. தானே சிக்னல் விடுகிற பட்டை தொலைந்த பிள்ளையைக் கண்டுபிடிக்க உதவும், அதை மறுக்கவில்லை, ஆனால் தொடுகிற பட்டையும் கடைசியாக எந்த ரைடில் ஏறினான் என்று சொல்லிவிடும். தேட ஆரம்பிக்க அது போதும்.

சரி, பெரிய பூங்கா, தண்ணீர் கிடையாது, நாள் முழுக்க நடை என்றால் போன் ஆப்பே மேல். நம்ம பக்கத்து நனைகிற பூங்காவுக்குத் தொடுகிற பட்டையும், ரைடு முடிந்து வெளியே வருகிற இடத்தில் 'அடுத்து இங்கே போங்க' என்று காட்ட ஒரு திரையும் இருந்தால் வேலை முடிந்தது. பைகளோடு நிழலில் உட்கார்ந்திருக்கும் அப்பத்தாவுக்கு எதுவும் கட்ட வேண்டியதில்லை. இன்னொன்று, பட்டையை வாசலிலேயே கழற்றிக் கொடுத்துவிட்டு வேன் ஏறிவிடலாம். போனில் லொக்கேஷன் அனுமதியை நாமாகத்தான் அணைக்க வேண்டும், வீடு வந்து சேர்கிற அசதியில் அதை யார் செய்கிறார்கள்?