கையெழுத்துப் போட முதல் இந்தச் சட்டத்தரணியிடம் காட்டுங்கள்

பரந்தனில் எனக்கு ஒரு சின்ன அரைக்கிற மில். மிளகாய், மல்லி, அரிசிமா. கரண்ட் பில் கட்டி மாளவில்லை என்று கூரையில் சோலார் போட நினைத்தேன். 'பசுமைக் கடன்' தருகிறோம் என்று வங்கியிலிருந்து ஒரு தம்பி வீடு தேடி வந்தார். ஒப்பந்தம் 16 பக்கம், முழுக்க ஆங்கிலம். "பென்சிலால புள்ளடி போட்ட இடத்தில மட்டும் வையுங்கோ அக்கா" என்றார்.

வைக்காமல் கிளிநொச்சிக்குக் கொண்டு போனேன். கடன், லீசிங் விவகாரங்களே அதிகம் பார்க்கிற சட்டத்தரணி. (பெயர் போடவில்லை. சட்டத்தரணிகள் விளம்பரம் செய்யக்கூடாது, கண்டால் கோபிப்பார்.) கந்தோர் என்றால் ஒரு அறை, ஒரு மின்விசிறி, அலுமாரி நிறைய வர்த்தமானி. முதல் நாள் இரண்டரை மணித்தியாலம் வாங்கில் இருந்தேன். கோல் எடுத்தாலும் பதில் இல்லை. அதற்கு ஒரு நட்சத்திரம் குறைத்திருக்கிறேன்.

உள்ளே போனபிறகு வேறு கதை. 16 பக்கத்தையும் என்னோடு இருந்து வாசித்தார். ஒன்பதாம் பக்கத்தில் நிறுத்தினார். "வட்டியை எப்ப வேணுமெண்டாலும் மாத்தலாமெண்டு கிடக்கு. 2022 சித்திரையில மத்திய வங்கி ஒரே நாளில 7 வீதம் கூட்டினது ஞாபகமோ?" எனக்கு ஞாபகம் இருந்தது டீசல் வரிசைதான். என் பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார்: 15 லட்சம், ஏழு வருடம். 13 வீதமென்றால் தவணை ஏறத்தாழ 27,300; 20 ஆனால் 33,300. மாதம் ஆறாயிரம்! மில்லில் ஒரு கிழமை உழைப்பு.

"சரி, பச்சை எண்டு பேர் வைச்சதால வட்டி எவ்வளவு குறையுது?" என்று அடுத்த கேள்வி. எது பசுமை முதலீடு என்பதற்கு மத்திய வங்கி 2022 மே மாதம் ஒரு வகைப்பாடு வெளியிட்டதாம், சூரிய மின்சாரம் அதில் இருக்கிறதாம். ஆனால் எனக்கு வந்த வட்டி சாதாரண வியாபாரக் கடன் வட்டியேதான். மட்டையில் இலைப் படம் மட்டும் மேலதிகம்.

வங்கிக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதித் தந்தார்: தமிழ்ப் பிரதி வேண்டும், வட்டிக்கு உச்சவரம்பு வேண்டும். 2023இல் வந்த நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளையும் அதில் குறிப்பிட்டார். பதில் வராவிட்டால் மத்திய வங்கிக்கு 1935 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடச் சொன்னார். தேவைப்படவில்லை, தமிழ்ப் பிரதி 11ஆம் நாள் வந்தது. உச்சவரம்புக்குத்தான் இன்னும் இழுத்தடிக்கிறார்கள். நானும் கையெழுத்து வைக்கவில்லை.

பீஸ் 5,000, பற்றுச்சீட்டோடு. என் பக்கத்தில் இருந்த விசுவமடு அம்மாவுக்குக் குழுக்கடன் (பெண்கள் குழுவாகச் சேர்ந்து எடுக்கிற நுண்கடன்) பிரச்சினை. 2018இல் வறட்சி மாவட்டப் பெண்களின் ஒரு லட்சம் வரையான நுண்கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்ததே, இவ கடன் எடுத்தது அதற்குப் பிறகு, அதனால் அது இவவுக்கு இல்லை. அவவிடம் காசு கேட்கவில்லை. என்னிடம் கேட்டார், மில் வைத்திருக்கிறேனே, நியாயம்தான்.

போகிறவர்கள் காலை எட்டு மணிக்கு முதல் போங்கள். பிறகு வாங்கில் இடம் கிடையாது.