கல்நார் கூரையை இறக்கிய குழு: 5-க்கு 3

புளியரையில் எங்கள் வீட்டுச் சமையல்கட்டுக்கு மேலே இருந்தது 1988-இல் போட்ட ஆஸ்பெஸ்டாஸ், அதாவது கல்நார் ஷீட். மொத்தம் 18. இந்தச் சித்திரையில் அதை இறக்கிவிட்டு கலர் ஷீட் போட்டோம். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் புனலூரில் இருந்து வந்த குழுதான் செய்தது. குறையும் சொல்லப்போவதால் பெயர் போடவில்லை.

உள்ளூரில் கேட்டபோது, "அண்ணாச்சி, ரெண்டு சுத்தியல் போதும், மத்தியானத்துக்குள்ள கீழ கெடக்கும்" என்றார் ஒருவர். கூலி 6,000. புனலூர்க்காரர்கள் இறக்கிக் கட்டிக் கொண்டுபோக 14,500 கேட்டார்கள். வீட்டில் பெரிய சண்டை. நான் அதிகத்துக்கே ஒத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு.

அந்த ஷீட்டை அப்பா ரம்பத்தால் அறுத்தபோது மறுமுனையைப் பிடித்திருந்தவன் நான். வயது 11. தூசு கோலமாவு மாதிரி கொட்டியது. அம்மா அப்பாவின் வேட்டியைத் திண்ணையில் வைத்து உதறித்தான் துவைக்கப் போட்டார். மீசோதெலியோமா என்பது நுரையீரலைச் சுற்றிய உறையில், சிலருக்கு வயிற்று உறையில் வரும் புற்றுநோய். கல்நார்த் தூசு உள்ளே போய் 20 முதல் 50 ஆண்டு கழித்துக்கூட வரும். 1960-இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னர் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் இந்த நோய் வந்த 33 பேரைப் பற்றி எழுதினார்கள். கல்நாரில் ஒரு வகையான நீலக் கல்நார் வெட்டிய வட்டாரம் அது. அவர்களில் சிலர் சுரங்கத்தில் வேலையே பார்க்காதவர்கள், சின்ன வயதில் பக்கத்தில் குடியிருந்தவர்கள். நம் கூரையில் இருப்பது பெரும்பாலும் வெள்ளைக் கல்நார். அதுவும் புற்றுநோய் உண்டாக்குவதுதான். பயந்துபோய் டாக்டரைக் கேட்டேன். ஒரு கூரை அறுத்ததில் ஆபத்து ரொம்பக் குறைவு, வருஷக்கணக்கில் அதிலேயே வேலை பார்த்தவர்கள்தான் கவலைப்பட வேண்டும் என்றார். சரி, ஆனால் இறக்கும்போது இன்னொரு தரம் மாவாக்க எனக்கு மனசு வரவில்லை.

வேலைக்கு வருவோம். மேஸ்திரி நல்ல மனுஷன். முதலில் சமையல்கட்டைக் காலி செய்து கீழே பிளாஸ்டிக் விரித்தார். தண்ணீரில் கொஞ்சம் சோப்புக் கலந்து கூரை முழுக்க நனைத்தார். ஷீட்டின் மேல் கால் வைக்காமல், பலகை போட்டு அதில் நின்று, போல்ட்டை ஒவ்வொன்றாகக் கழற்றி முழு ஷீட்டாக இறக்கினார்கள். 18-இல் உடைந்தது ஒன்றுதான். அந்தத் துண்டுகளையும் ஈரத்துணியால் எடுத்துப் பையில் போட்டார். விளக்குமாற்றைத் தொடவே விடவில்லை. இதற்குத்தான் அந்த 3.

இனி குறை. மேஸ்திரிக்கும் இன்னொருவருக்கும் ஃபில்டர் வைத்த மாஸ்க் இருந்தது. மற்ற இருவருக்கும் கொரோனா காலத்து நீலத் துணி. இந்தத் தூசுக்கு அது இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். அதிலும் ஒரு பையன் அதைத் தாடைக்கு இறக்கிவிட்டு பீடி பற்றவைத்தான். பீடியால் மீசோதெலியோமா வராது, ஆனால் கல்நாரும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் பல மடங்கு. சொன்னேன், சிரித்தான். துருப்பிடித்த போல்ட்டுக்கு ஒருவர் கிரைண்டரை எடுத்தபோது நான் போட்ட சத்தம் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். மேஸ்திரி அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, எண்ணெய் விட்டு ஸ்பேனரால் கழற்றினார்.

பெரிய குறை வேறு. இரண்டு சுற்று பிளாஸ்டிக்கில் அழகாகக் கட்டினார்கள், கொண்டுபோகவில்லை. "அடுத்த வாரம் வண்டி வரும் சேட்டா" என்று போனவர்கள்தான். கேரளத்துக் குப்பை ஆரியங்காவு தாண்டி இங்கே வருவதைக் கேட்டுப் பழகிய ஊர் இது. என் கூரைக்கு மட்டும் அந்தப் பக்கம் போக வழியில்லை. இரண்டு ஷீட்டை மாட்டுக்கொட்டகைக்குக் கேட்டு ஆள் வந்தார். கொடுக்கவில்லை, அவருக்கு என் மேல் வருத்தம்.

புதுக் கூரை ஒழுகவில்லை. ஆனால் சாரல் பிடித்ததில் இருந்து சமையல்கட்டில் பேசினால் காது கேட்காது. என் மனைவிக்கு அதில் புகார் இல்லையாம்.

கட்டு இப்போது கிணற்றுக்குப் பின்னால் கிடக்கிறது. நேற்று பார்த்தால் பூனை ஒரு மூலையைக் கிழித்து வைத்திருந்தது. நனைத்துவிட்டு டேப் ஒட்டினேன். பணத்தில் 2,000 இன்னும் கொடுக்கவில்லை. வண்டி வரட்டும்.